வலிப்பு நோயும் நோன்பும்



மூளை, நரம்பு நோய்களைப் பற்றி உரையாற்றுமாறு பணித்தீர்கள். பக்கவாதம், நடுக்குவாதம், ஒற்றைத் தலைவலி, மறதி நோய் என அவை பல. பக்கவாதம் வந்த வீட்டிற்கு உற்றார் அனைவரும் ஓடி வருகின்றனர். வலிப்பு வந்த வீட்டிலோ கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஆகவே எனக்கு அளித்த பொழுதை வலிப்பு ஒன்றுக்கே செலவிட விழைகிறேன்.

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அவற்றுள் பல ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காது கிளர்ந்தெழுவதே வலிப்பு. 1924-இல் ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார், இன்றைய இ.இ.ஜி. பரிசோதனை அவர் வழி வந்ததே. கீழே விழுந்து கைகால் இழுப்பது மட்டுமே வலிப்பு அன்று. வகுப்பில் ஒரு சிறுமி சில நொடிகள் வெறித்து நோக்கிவிட்டு, ஒன்றும் நிகழாதது போல் மீண்டும் எழுதத் தொடங்குவாள். கவனமில்லை என்று திட்டும் வாங்குவாள். அதுவும் வலிப்பாக இருக்கக்கூடும்.

"தலைமுறை தலைமுறையாக ஊன் உண்ணாத குடும்பம் எங்களுடையது. என் மகன் மூளையில் பன்றி நாடாப்புழுவா?" என்று ஒரு தந்தை என்னிடம் சினந்து கேட்டார். ஸ்கேன் மாறிவிட்டது என்றே அவர் எண்ணினார். அவர் ஐயம் நியாயமானது; ஆனால் ஸ்கேன் மாறவில்லை. அப்புழுவைக் குடலில் கொண்ட மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளிப்படுகின்றன. அவை மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத கொத்துமல்லி, வெள்ளரி, தக்காளி வழியாகவும், கழுவாத கைகள் வழியாகவும் எவர் வயிற்றையும் அடையும். உள்ளே பொரித்த இளம்புழு மூளையை அடைந்து கட்டியாகத் தங்கி வலிப்பைத் தூண்டும். கொதிக்க வைத்த நீரைப் பருகும் நம் வழக்கம் இங்குப் பெருங்காப்பு. பச்சையாக உண்பவற்றிலும் அதே கவனம் வேண்டும்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மென்மையான துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர், நீர் புகட்டாதீர். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்கும். கையில் திணித்த இரும்புச் சாவிதான் பெயரைத் தட்டிச் செல்கிறது! 5 நிமிடங்களைக் கடந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

முறையாகக் கண்டறிந்து மருந்துண்டால் நோயாளிகளுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்துவதே பேரிடர். பருவ நாள்களில் உபவாசம் ஏற்று, மாத்திரையையும் விட்டு, இரவு கண்விழித்து, மூன்றாம் நாள் வலிப்புடன் வருவோரை நான் கண்டிருக்கிறேன். இரவு உண்ணாமையைக் கைக்கொள்வோர்க்கு வழியுண்டு: சில மருந்துகளை நாளுக்கு ஒரு வேளை கொள்ளும் வடிவில் பெறலாம், சிலவற்றைக் கதிரவன் உதித்த பின்னும் மறையும் முன்னும் கொள்ளுமாறு மருத்துவர் அமைத்துத் தருவார். நீரும் மாத்திரையும் விடும் நோன்பை மட்டும் இந்நோயாளர் ஏற்கலாகாது என்பதே என் துணிபு. ஒருபொழுது இருக்க விரும்புவோர் முன்னரே மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொரு செய்தி, சொல்லக் கடினமானது. நம் சமூகம் சிறியது. ஓரூர்ச் செய்தி மறு ஊருக்குப் பரவும் என்று பெண்ணின் நோயை மறைத்து மணமுடிக்கிறோம். புகுந்த வீட்டில் அவள் மாத்திரையை ஒளித்து வைக்கிறாள். பின்னர் நிறுத்தியே விடுகிறாள். அடுப்பங்கரையில் விழுந்து தீப்புண்ணுடன் என்னிடம் வந்தவளுக்கு வயது 23. அவள் கணவர் அன்றுதான் அந்நோயின் பெயரைக் கேள்வியுற்றார். "முன்பே கூறியிருந்தால் நானே மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பேனே" என்று அழுதார். சமணர்க்கும் பொருந்தும் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் மணத்திற்குத் தடையாக இருந்த பகுதி 1999-இல் நீக்கப்பட்டது. சட்டம் நீக்கிய தடையை நாம்தான் இன்னும் வைத்திருக்கிறோம். கருவுற விரும்பும் பெண் மருந்தைத் தானே நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்.

உணவிற்குப் பின் மண்டபத்தின் பின்புற அறையில் மாலை வரை இருப்பேன். மாத்திரைச் சீட்டு வைத்திருப்போர் அதனுடன் வாருங்கள். பெயர் எழுதிக்கொள்ள மாட்டேன்.