பறைக்கு மேடை வேண்டும்
(பொங்கல் விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொங்கல் மேடையில் பறைக்கு இடம் உண்டா, இல்லையா? இதுவே இன்று நம் முன் உள்ள கேள்வி. "சாவுக்கு அடிக்கும் மேளம் நல்ல நாளில் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். பதில் சொல்லுமுன் வேறொரு நாட்டின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். கப்பலேறிப் பிழைக்க வந்த நமக்குக் கடல் கடந்த கதை அந்நியமல்ல.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ளது நைஜீரியா. அங்கே அபெயோகுட்டா நகரில் 1938இல் பிறந்தவர் ஃபெலா குட்டி. அவருடைய தாயார் ஃபுன்மிலாயோ, சந்தையில் கடை போட்ட பெண்களைத் திரட்டி, வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் பெண்கள் தலையில் சுமத்திய வரியை எதிர்த்துப் போராடியவர். அந்தப் போராட்டத்தால் அவ்வூர் மன்னரே 1949இல் அரியணையை விட்டு விலக நேர்ந்தது. அந்தத் தாயின் பிள்ளை 1958இல் லண்டன் போய் மேல்நாட்டு இசை படித்தார். 1969இல் அமெரிக்கா போனார். கறுப்பு மக்களின் உரிமைப் போராட்டம் அவர் கண்ணைத் திறந்தது. தன் பாட்டன் பூட்டன் அடித்த முரசின் அருமை அங்கேதான் அவருக்கு முழுதாக விளங்கியது. யொரூபா மக்களின் தாளம், மேற்கு ஆப்பிரிக்காவின் ஹைலைஃப், அமெரிக்கக் கறுப்பரின் ஜாஸ், ஃபங்க் ஆகிய எல்லாம் சேர்ந்து உருவான அவருடைய இசைக்கு 'ஆஃப்ரோபீட்' என்று பெயர்.

நம் இளைஞர்கள் அதைச் சங்கத்தில் ஒலிக்க விட்டார்கள். நாமும் கேட்டோம். ஐந்து நிமிடமாகியும் பாட்டு வரவில்லை. "எப்போதப்பா பாடுவான்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பத்தாவது நிமிடத்தில் அவர் விரல்களே மேசையில் தாளம் போட்டன! அந்த இசையின் கட்டு அப்படி. கிதார்காரர் ஒரு சின்னத் துணுக்கையே திரும்பத் திரும்ப வாசிப்பார். இன்னொருவர் அதன் இடைவெளியில் வேறொரு துணுக்கை நுழைப்பார். டோனி ஆலன் என்ற டிரம்காரரின் இரண்டு கையும் இரண்டு காலும் நான்கு ஆட்களாகப் பேசும். பிறகு ஊதுகுழல்கள் முழங்கும். கடைசியில் ஃபெலா ஒரு வரி பாட, பெண்கள் கூட்டமாகப் பதில் பாடுவார்கள். தனித்தனியே பார்த்தால் சின்ன வேலை, சேர்ந்தால் பெரிய பலம். சங்கம் நடத்தும் நமக்கு இது புரியாதா?

அவர் பாடிய மொழியையும் கவனியுங்கள். படித்தவர்கள் 'உடைந்த ஆங்கிலம்' என்று ஏளனம் செய்த பிட்ஜின் மொழி அது. பல இனத்துத் தொழிலாளரும் சந்தையில் பேசிக்கொள்ளும் மொழி. இந்தத் தீவில் தமிழரும் வங்காளியும் தெலுங்கரும் ராஞ்சிக்காரரும் ஒருவரோடு ஒருவர் பேசும் இந்தியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அவரை அடைத்த சிறை அறைக்குக் கைதிகள் வைத்திருந்த பெயர் 'கலகூட்டா'. அந்தப் பெயரைக் கொண்டே தன் வீட்டுக்குக் 'கலகூட்டா குடியரசு' என்று பெயரிட்டார். கட்டளைக்கு ஆடும் சிப்பாய்களைக் கேலி செய்து 'ஜோம்பி' என்று பாடினார். 1977 பிப்ரவரி 18 அன்று ஏறத்தாழ 1,000 சிப்பாய்கள் அந்த வீட்டைத் தாக்கிக் கொளுத்தினார்கள். வயது முதிர்ந்த தாயாரை ஜன்னல் வழியே வீசினார்கள். மறு ஆண்டு அவர் இறந்தார். மகனோ 1979இல் ஒரு சவப்பெட்டியை ஆட்சித் தலைவரின் பாசறை வாசலுக்கே கொண்டு போனார். ஒரு தாளத்துக்கு ஓர் அரசு இவ்வளவு அஞ்சியது, தோழர்களே!

ஃபெலாவைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. பெண்களைத் திரட்டிய தாயின் மகன், 1978இல் ஒரே நாளில் 27 பெண்களை மணந்தார். இதை நாம் ஏற்க முடியாது. டோனி ஆலன் போன்ற கலைஞர்கள் அவரை விட்டுப் பிரிந்ததற்குப் பணப் பங்கு பற்றிய மனக்கசப்பும் ஒரு காரணம். அடிப்பவன் வயிறு காய்ந்தால் எந்த மேளமும் ஓய்ந்துவிடும்.

இனி நம் பறைக்கு வருவோம். தீயில் காய்ச்சி அடிக்கும் அந்தத் தோலில் தீட்டு ஏது? தீட்டு என்பது அடிப்பவரின் சாதியைப் பார்த்து ஒட்டிய முத்திரை. சென்னையில் 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் கிதாரோடு மேடையேற்றியது. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நாடு வணங்கும் கலைக்கு நம் பந்தலில் மட்டும் வாசற்படியா?

ஆகவே மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். பறை பந்தலுக்கு வெளியே அல்ல, மேடையில் ஒலிக்கட்டும். மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் அதே கூலியும் அதே பந்தியும் பறைக் கலைஞருக்கும் கிடைக்கட்டும். நம் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், எந்தச் சாதியானாலும் அதைக் கற்றுக்கொள்ளட்டும். கைதூக்கித் தீர்மானத்தை நிறைவேற்றுங்கள்.