முதல் நாளைக் குறித்து வையுங்கள்



"எத்தனை மாதம்?" என்று கேட்டால், "தீபாவளிக்குப் பிறகு தள்ளிப்போச்சு" என்கிறோம். அது போதாது. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறியுங்கள். அதோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால் ஒக்டோபர் 17. மொத்தம் 280 நாள். பிள்ளை இரண்டு வாரம் முந்தலாம், பிந்தலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்குப் பிழைக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள்.

பிரசவத்துக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம் சம்பளத்தோடு லீவு நமது சட்ட உரிமை. திகதி தெரியாதவள் அந்த 2 வாரமும் கொழுந்துக் கூடையோடு மலையேறுகிறாள். வலி வந்த பிறகுதான் லயத்துக்கு வாகனம் தேடுகிறோம்.

கிளினிக் அட்டையில் மருத்துவமாது எழுதும் திகதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். நான் வாசித்துச் சொல்கிறேன்.