எங்க வல்லம் கடல்ல இறங்கின நாள்



எங்களுக்கு பாக் நீரிணைக் கரையில ஊர். இத்தனை வருஷமும் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கித்தான் என் வீட்டுக்காரர் தொழில் பார்த்தார். அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. ஆனால் நண்டை அவருக்கே போடணும், அவர் சொல்றதுதான் விலை. இதுக்கு வட்டியே தேவலாம்னு நான் சொல்லுவேன்.

குழுவுல வாங்கின கடனோட, தாலிக்கொடி போக மிச்ச நகையை அடகு வச்சு, முன்பணத்தை அடைச்சோம். சின்ன பைபர் வல்லமும் பழைய என்ஜினும் வாங்கினோம்.

தை மாசம் மஞ்சள் குங்குமம் வச்சு, சூடம் காட்டி இறக்கினோம். விசைப்படகு கடலுக்குப் போகாத நாளாப் பார்த்துதான். அது வந்தா நண்டு வலையை அறுத்து இழுத்துட்டுப் போயிரும், முதல் நாளே நஷ்டம். வாடைக்காத்து வேற. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை.

விடிஞ்சதும் வந்துட்டாங்க. வலையில இருந்து நண்டைக் கழட்டி எடை போட்டா 8 கிலோ. கரையில நின்ன நாலு வியாபாரிகிட்டயும் விலை கேட்டேன். பழைய வியாபாரிதான் கூடக் கேட்டார். அவருக்கே கொடுத்தேன். பணத்தை எண்ணி என் கையில கொடுத்தார்.

இதுவரை 9 தவணை கட்டியாச்சு.