பம்பு நல்லாத்தான் இருக்கு

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய் இறங்குகிற நம் ஆட்கள், நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தலையைத் தூக்கிப் பாலத்தைத்தான் பார்ப்பார்கள். 1943இல் திறந்த ஹவுரா பாலம், பார்க்க வேண்டியதுதான். கொஞ்சம் கீழே பார்த்தால் படகுத்துறை. பாபுகாட், ஆர்மேனியன் காட், பாக்பஜார் என்று ஹூக்ளியின் எதிர்க்கரைக்கு லாஞ்ச் ஓடுகிறது. 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓட ஆரம்பித்தது. லாஞ்ச் நிற்கவில்லை.

அந்த லாஞ்ச்சில் ஏறுகிறவர்கள் மிதிக்கும் பலகைக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. படகின் அடிவயிறு. பில்ஜ் என்பார்கள். அங்கே கொஞ்சமாவது தண்ணீர் இருக்கும். இருந்தால் படகு கெட்டுப்போயிற்று என்று அர்த்தமில்லை. விசிறியைச் சுற்றும் தண்டு படகின் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டுதானே வெளியே போகிறது? அந்த இடத்தில் கிரீஸ் தோய்த்த கயிற்றைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள், கிளாண்டு பேக்கிங். தண்டு சுழலும்போது அதில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் வர வேண்டும். சொட்டே வராமல் இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். சொட்டு போய் ஒழுக்கானால்தான் கவலை. இதோடு மழைத் தண்ணீர், என்ஜின் குளிர்நீர்க் குழாயின் கசிவு. எல்லாவற்றையும் வெளியே தள்ள ஒரு பம்பு.

அந்தப் பம்பு ஒருநாள் தண்ணீர் தள்ளாது. உடனே, "பம்பு போச்சு, புதுசு வாங்கு" என்பார்கள். நான் பார்த்தவரையில் பம்பு போனது குறைவு.

வயலில் மோட்டார் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? காற்று இழுக்கிறது என்று இணைப்பில் சாணியை அப்புவீர்கள். தண்ணீர் ஊற்றிக் காற்றை விரட்டிவிட்டு, ஃபுட் வால்வைச் சந்தேகப்படுவீர்கள். லாஞ்ச்சில் என்ஜினோடு ஓடும் பம்புக்கும் கைப்பம்புக்கும் அதே வைத்தியம்தான். இழுகுழாயில் ஊசித்துளை இருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும், பம்பு தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றைக் குடிக்கும். ரப்பர் இறக்கை வைத்த பம்பாக இருந்தால் கூடுதல் ஆபத்து. தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே இறக்கை கருகிவிடும். அப்போது பம்பும் போய்விடும்; ஆனால் நோய் குழாயில்தான் தொடங்கியது.

அடுத்தது வடிகட்டி. ஹூக்ளி வண்டல் நிறைந்த ஆறு, அதனால் சேறு அடைத்துக்கொள்ளும் என்று நினைப்போம். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. ஒருமுறை சின்னப் படகு ஒன்றில் வடிகட்டியைக் கழற்றியபோது வந்தது வேர்க்கடலைத் தோல், ஜால்முரி என்ற மசாலாப் பொரி கட்டிய காகிதம், என்ஜின் துடைத்த கழிவுநூல், அரை சாண் சணல். ஆற்றிலிருந்து வந்தது எதுவுமில்லை. எல்லாம் பலகை இடுக்கு வழியாக நாமே கொடுத்தது.

சின்னப் படகுகளில் பேட்டரியில் ஓடும் பம்பு இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பி சுவிட்சைப் போடும். இது ஓடவில்லையென்றால், முதலில் சுவிட்சை விலக்கிவிட்டுப் பம்பின் கம்பிகளை ஃபியூஸ் வழியாக நேராகப் பேட்டரிக்குக் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் பம்பு நிரபராதி. மிதவை குப்பையில் மாட்டியிருக்கும், அல்லது ஈரத்திலேயே கிடக்கும் ஒயர் முறுக்கு பச்சை பூத்திருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். உள்ளே எதிலோ சிக்கி நின்ற பம்பு மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது. ஃபியூஸ் அதைத்தான் சொல்கிறது.

இன்னொரு பம்பு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், விடிய விடிய. வெளியேற்றும் குழாயில் தங்கிய தண்ணீர் திரும்ப உள்ளே வழிந்து மிதவையைத் தூக்குகிறது. காலையில் பேட்டரி காலி.

இவ்வளவும் சரிசெய்தாலும் ஒரு கணக்கு பாக்கி. தண்ணீர் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே ஓர் அங்குலத் துளை இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 3,600 லிட்டர். சின்னப் படகுப் பம்பின் மேல் 500 கேலன் என்று அச்சிட்டிருப்பார்கள். அது மணிக்கு 1,900 லிட்டர்தான், அதுவும் உயரம் ஏற்றாமல். ஆகவே தண்ணீர் ஏறிக்கொண்டே போனால், பம்பைத் திட்டுவதை விட்டுவிட்டுத் துளையைத் தேடுங்கள். வரும் இடத்திலேயே கையை வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். கலங்கலாக வந்தால் ஆறு, தெளிவாக வந்தால் மழை, வெதுவெதுப்பாக வந்தால் என்ஜின்.

ஒன்று விட்டுப்போயிற்று. பில்ஜ் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். கடலில் போகும் பெரிய கப்பல், பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால் அதைக் கடலில் விடக்கூடாது. லாஞ்ச்சில் அதற்கான கருவி இருக்காது. பம்பு அடியிலிருந்துதான் இழுக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் நெருங்கும்போது நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பழந்துணியில் ஒற்றி டப்பாவில் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் துணியைப் பலகைக்குக் கீழேயே மறந்துவிட்டுப் போகாதீர்கள். அடுத்த வாரம் அதுதான் வடிகட்டியில் போய் உட்காரும்.