பள்ளியிலேயே ஏறும் கல்லூரிக் கணக்கு
(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய பேச்சு)



செய்த வேலை மஸ்டரில் ஏறவில்லை என்றால் நாம் சும்மா இருப்போமா? படிப்பிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் அதைக் கிரெடிட் என்கிறார்கள். பட்டம் வாங்கச் சாதாரணமாக 120 கிரெடிட் சேரவேண்டும். நாலு வருஷப் படிப்பு. பல கல்லூரிகளில் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று பணத்தை எண்ணி வைக்கவேண்டும்.

அதில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று பெயர், சுருக்கமாக ஏ.பி. முதல் பரீட்சையைக் காலேஜ் போர்டு 1956-ல் நடத்தியது. உயர்நிலைப் பள்ளியில் கல்லூரித் தரத்தில் பாடம், மே மாதம் பரீட்சை, 1 முதல் 5 வரை மார்க்கு. 3-ம் அதற்கு மேலும் வாங்கினால், அந்தப் பாடத்தை முடித்ததாகவே பல கல்லூரிகள் எழுதிக்கொள்கின்றன. பரீட்சைக் கட்டணம் சுமார் 100 டாலர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. அதே பாடத்தைக் கல்லூரியில் படித்தால் பெரும்பாலும் பல மடங்கு ஆகும். ஐந்தாறு பாடம் தேறியவர்கள் ஒரு பருவத்துச் செலவையே மிச்சம் பிடிக்கலாம்.

எல்லாக் கல்லூரியும் ஒன்றல்ல. சில 4 கேட்கும், சில 5 கேட்கும். டார்ட்மத் கல்லூரி, 2014 முதல் சேர்ந்தவர்களுக்குக் கிரெடிட்டே கிடையாது என்றுவிட்டது. டெக்ஸாஸில் 2015-ல் சட்டம் வந்தது: அரசாங்கக் கல்லூரிகள் தொடக்க வகுப்புப் பாடங்களுக்குத் தக்க ஆதாரம் காட்டாமல் 3-க்கு மேல் கேட்கக் கூடாது.

சரி, பாடமே நடக்காத பள்ளியில் படிக்கிறவன் என்ன செய்வான்? கலிபோர்னியாவில் இங்கிள்வுட் பள்ளி மாணவர்கள் 1999-ல் இதைக் கேட்டுத்தான் சர்க்கார் மீது வழக்குப் போட்டார்கள். அவர்கள் பள்ளியில் மூன்றே ஏ.பி. பாடங்கள், கணிதமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை.

பாடம் நடந்தால் மட்டும் போதுமா? கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் கார்பீல்டு பள்ளி இருக்கிறது. மெக்ஸிகோ வம்சாவளித் தொழிலாளர் பிள்ளைகள் நிறைந்த இடம். அங்கே கணித ஆசிரியர் ஹைமே எஸ்கலாண்டே, பொலிவியாவிலிருந்து வந்தவர்; ஹோட்டலிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துப் பிறகு ஆசிரியரானவர். 1982-ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. கணிதம் எழுதினார்கள், 18 பேரும் தேறினார்கள். உடனே பரீட்சை நடத்தியவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விடைகளில் தவறுகூட ஒரே மாதிரி இருக்கிறதாம்! ஒரே வாத்தியாரிடம் கற்றவர்கள் ஒரே மாதிரி கணக்குப் போடுவதில் என்ன அதிசயம்? பணக்காரப் பிள்ளைகள் இப்படித் தேறியிருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்குமா என்று அப்போதே பலர் கேட்டார்கள், நாமும் கேட்கிறோம். 14 பேருடைய மார்க்கைக் கேள்விக்குள்ளாக்கி, மறுபடி எழுதச் சொன்னார்கள். 12 பேர் உட்கார்ந்தார்கள். கோடை விடுமுறையில் பாடம் மறந்திருக்கும். தயார் செய்ய நாளும் அதிகம் இல்லை.

12 பேரும் தேறினார்கள். பழைய மார்க்கு அப்படியே நின்றது.