கணக்கைத் திறந்து காட்டு!

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் சங்க நிர்வாகிகளே, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆர்டர் குவிகிற நேரத்தில் செயலியை ஆஃப் செய்துவிட்டு, இன்றைய இன்சென்டிவ் போனாலும் போகட்டும் என்று வந்திருக்கும் டெலிவரித் தோழர்களே, ஆட்டோ, கால்டாக்சி, பைக் டாக்சி ஓட்டும் தோழர்களே, சகோதரிகளே, வணக்கம்.

கிலோமீட்டருக்கு என்ன தொகை, விபத்தானால் என்ன இழப்பீடு என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் விரிவாகச் சொன்னார்கள். அந்தக் கோரிக்கைகள் அத்தனையும் எனக்கும் உடன்பாடு. எனக்குத் தந்த நேரத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உங்களுக்கு வேலை தருவது ஒரு மென்பொருள். கூலியைக் கணக்குப் போடுவதும் அதுதான். ஒரு நாள் காலையில் ஐடியை பிளாக் செய்து பிழைப்பைப் பறிப்பதும் அதுதான். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை இன்று கம்பெனிக்கு மட்டும் இருக்கிறது. அந்த உரிமை நமக்கும் வேண்டும். அது கிடைக்காதவரை, மற்ற கோரிக்கைகளில் நாம் எதை வென்றாலும் அதை இன்னொரு கணக்கில் கழித்துவிடுவார்கள்.

இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம், நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே சின்ன ஊர்களில் பெரும்பாலான தபால் நிலையங்களைத் தபால் நிறுவனம் நேரடியாக நடத்துவதில்லை. மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஒப்பந்தம் போட்டு, கடையின் ஒரு பக்கத்தில் தபால் கவுண்டரையும் நடத்துவார். சப்-போஸ்ட்மாஸ்டர் என்பார்கள். அவர் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய பல குடும்பங்களும் இந்தத் தொழிலில் இருந்தன. அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ கணக்கில் பணம் குறைந்தால் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

1999-லிருந்து எல்லாத் தபால் நிலையங்களுக்கும் ஹொரைசான் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். ஃபுஜிட்சு கம்பெனியின் மென்பொருள். அதன்பிறகு பல ஊர்களில் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. கல்லாவில் பணம் சரியாக இருக்கும். திரையில் ஆயிரக்கணக்கான பவுண்டு குறைவு என்று காட்டும். ஏன் குறைகிறது என்று அந்த மனிதரால் பார்க்க முடியாது. அவருக்குத் தெரிந்தது திரையில் வந்த ஒரு தொகை மட்டும். உதவி எண்ணுக்கு அழைத்தவர்களிடம், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள். ஒரே பதிலைப் பல ஊர்க்காரர்களுக்கும் தனித்தனியாகச் சொன்னார்கள். சேமிப்பை எடுத்துப் போட்டார்கள், உறவினரிடம் கடன் வாங்கிப் போட்டார்கள், வீட்டை அடமானம் வைத்துப் போட்டார்கள். அப்போதும் கணக்கு இடித்தது.

பிறகு வழக்கு. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 700 பேர்மீது வழக்குப் போட்டது போலீஸ் இல்லை, தபால் நிறுவனமே. குற்றம் சாட்டியதும் அவர்கள், விசாரித்ததும் அவர்கள், வழக்கு நடத்தியதும் அவர்கள். சாட்சி அவர்களுடைய மென்பொருள். கர்ப்பிணிப் பெண்கூடச் சிறைக்குப் போனார். குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இந்த விவகாரம் காரணமாக இருந்திருக்கலாம் என்று, நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையில் நடந்த பொது விசாரணை 2025 ஜூலையில் அறிக்கை தந்தது.

மென்பொருளுக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் டல்மெலிங்டன் என்று ஓர் ஊர். 2015-ல் அங்கே 8,000 பவுண்டு பணம் வந்ததாகப் பதிவு செய்யும்போது திரை உறைந்து நின்றுவிட்டது. என்ன செய்வோம்? நீங்களும் நானும் செய்வதைத்தான் செய்தார்கள், எண்டர் பொத்தானை மறுபடி அழுத்தினார்கள். அழுத்திய ஒவ்வொரு முறையும் 8,000 வந்ததாகக் கணக்கில் ஏறிக்கொண்டே போனது. நான்கு முறை ஏறியது. கையில் 8,000, கணக்கில் 32,000. வராத 24,000 பவுண்டுக்கு ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டிய நிலை.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. ஃபுஜிட்சு அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, சப்-போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியாமல் அவர் கணக்கில் கைவைக்க முடியும். முடியாது, முடியாது என்று தபால் நிறுவனம் பல ஆண்டுகள் சாதித்தது. கடைசியில் முடியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். பிரிட்டனில் 1984-ல் வந்த சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கணினி தந்த பதிவைச் சாட்சியமாக வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். 1999-ல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. கணினியைத் திறக்கவே முடியாத ஒரு மளிகைக்கடைக்காரர் அதை எப்படிக் காட்டுவார்? நிரபராதிகளைச் சிறைக்கு அனுப்பியது மென்பொருளில் இருந்த பிழை மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிழை இல்லாத மென்பொருள் உலகத்தில் இல்லை. அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, அது சொல்வதே உண்மை என்று மனிதன்மேல் சாட்டினார்களே, அந்த அதிகாரம்தான் சிறைக்கு அனுப்பியது.

தோழர்களே, இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2020-21-ல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள், அதாவது உங்களைப் போல வேலைக்கு வேலை கூலி வாங்குகிறவர்கள். 2029-30-ல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்று அதே அறிக்கை சொல்கிறது. அத்தனை பேரும் காண்பது திரையில் வரும் ஒரு தொகையைத்தான். நேற்று இதே தூரத்துக்கு ஒரு தொகை, இன்று ஒரு தொகை. ஏன்? தெரியாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு ஆர்டர் விழுகிறது, எனக்கு விழவில்லை. ஏன்? தெரியாது. ஐடி பிளாக். ஏன்? கேட்டால் எழுதி வைத்த நான்கு வரி பதில் சாட்டில் வருகிறது.

கோயம்பேட்டில் தக்காளி விற்கிறவரின் தராசை எடுத்துப் பாருங்கள். அதில் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். பெட்ரோல் பங்க்கில் குழாய்க்கு முத்திரை. ஆட்டோ மீட்டருக்கு முத்திரை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அதைப் பார்க்கிறவர்கள் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள். ஒரு கிலோ தக்காளிக்கு இவ்வளவு காவல் போட்டிருக்கும் அரசாங்கத்தைக் கேட்கிறேன்: லட்சக்கணக்கான பேரின் நாள்கூலியை அளக்கிற அந்தச் செயலியை எந்த ஆய்வாளர் திறந்து பார்த்தார்? அது காட்டும் கிலோமீட்டருக்கு யார் முத்திரை வைத்தார்கள்? ஆட்டோக்கார அண்ணனின் மீட்டரைச் சோதிக்கும் கை, கோடி கோடியாய் முதல் போட்டவரின் மீட்டர் பக்கம் ஏன் நீளவில்லை?

வணிக ரகசியம் என்று பதில் சொல்கிறார்கள். யாருடைய ரகசியம்? உங்கள் அடுத்த விளம்பரம் ரகசியமாக இருக்கட்டும், எந்த ஊரில் அடுத்த கிடங்கு திறக்கப் போகிறீர்கள் என்பது ரகசியமாக இருக்கட்டும். என் கூலியை நீ எப்படிக் கூட்டினாய், எப்படிக் கழித்தாய் என்பது ரகசியம் ஆகாது. வெள்ளைக்காரன் ஆட்சியில், 1936-ல், ஊதியம் வழங்கல் சட்டம் வந்தது. தொழிலாளியின் கூலியில் எதைப் பிடிக்கலாம் என்று அது வரையறுத்தது. அபராதம் போடுவதற்கு முன்னால் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. இந்தச் சென்னையில், 1918-ல், பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதுபோன்ற சங்கங்கள் நாடெங்கும் நடத்திய போராட்டங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆலைத் தொழிலாளிக்கு அன்றைக்குக் கிடைத்த அந்த ஒரு கேள்வி, ‘உன் தரப்பு என்ன?’ என்ற கேள்வி, இன்றைக்குச் செயலியில் வேலை செய்கிறவருக்குக் கிடைப்பதில்லை.

திறந்து காட்ட முடியாது, அது தொழில்நுட்பம் என்று சொன்னால் நம்பாதீர்கள். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் பிரிட்டனில் கார் ஓட்டியவர்களும் போர்ச்சுகலில் ஓட்டியவர்களும். எதிர்த்தரப்பு ஊபரும் ஓலாவும். ஆமாம் தோழர்களே, நம் ஊர் ஓலாதான். மோசடி செய்தார்கள் என்று மென்பொருள் முடிவுகட்டி ஓட்டுநர்களை நீக்கியதற்கு ஊபர் காரணம் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். மனிதர்கள் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. ஓட்டுநர் மோசடிக்காரராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஓலாவின் மென்பொருள் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டுவந்தது. அந்த மதிப்பெண்ணையும், வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதையும் ஓட்டுநருக்கு விளக்க வேண்டும் என்றது. லண்டனில் ஓட்டியவருக்கு ஓலாவிடம் கேட்கும் உரிமை இருந்தது. சைதாப்பேட்டையில் ஓட்டுபவருக்கு இல்லை. காரணம், அங்கே அவர்களுடைய தரவுச் சட்டத்தில் அந்த உரிமையை எழுதி வைத்திருக்கிறார்கள். 2023-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதை எழுதவில்லை.

இது கூலியோடு நிற்கிற விஷயமும் இல்லை. போலந்தில் ஓடும் ரயில்கள் சில, வேறு பட்டறையில் பழுதுபார்த்த பிறகு கிளம்ப மறுத்தன. மென்பொருள் வல்லுநர்கள் மூன்று பேர் அதைப் பிரித்துப் பார்த்து, போட்டிப் பட்டறைகள் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு உள்ளே எழுதப்பட்டிருந்தது என்று 2023 டிசம்பரில் வெளியே சொன்னார்கள். ரயிலைச் செய்த நேவாக் கம்பெனி அதை மறுத்து, அவர்கள்மேலேயே வழக்குப் போட்டது. குஜராத்தில் நயாரா எண்ணெய் நிறுவனத்துக்கு 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் சேவையையே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை காரணமாக, இந்தியாவில் இயங்கும் சுத்திகரிப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கள் கடிதத்தைத் தாங்களே திறக்க முடியவில்லை. தில்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு சேவை திரும்பியது. எண்ணெய்க் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் ஸ்கூட்டரில் போகிறவர் எம்மாத்திரம்?

உள்நாட்டுக் கம்பெனிக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் இப்போது ஜோஹோவின் தளத்துக்குப் போயிருக்கிறது. நம் மண்ணில் வளர்ந்த நிறுவனம், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் முதலாளி நம் ஊர்க்காரர் என்பதால் மட்டும் சாவி நம் கைக்கு வந்துவிடாது. ஓலாவும் நம் நாட்டுக் கம்பெனிதான். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் கேட்டது வேறு. பயன்படுத்துகிறவர் மென்பொருளைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் அப்படிப்பட்ட மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள். முடியும் என்பதற்கு அதைவிடப் பக்கத்துச் சாட்சி வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2023-ல் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. வரவேற்றோம். சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. வெயிலில் அலைகிறவர்களுக்கு அது தேவை, நன்றி சொல்கிறோம். ஆனால் ஓய்வறையில் உட்கார்ந்திருக்கும்போதே ஐடி பிளாக் ஆனால் அந்த வாரியம் எதைக் கேட்க முடியும்? கர்நாடகம் 2025-ல் சட்டம் போட்டு, எழுத்தில் காரணம் சொல்லாமல், முன்னறிவிப்புத் தராமல் நீக்கக் கூடாது என்றது. தானாக முடிவெடுக்கும் மென்பொருள் பற்றித் தொழிலாளிக்கு விளக்க வேண்டும் என்றும் சேர்த்தது. நாம் அதற்கும் ஒரு படி மேலே கேட்க வேண்டும். நல வாரியமும் தொழிலாளர் துறையில் இருக்கிறது, முத்திரை ஆய்வாளர்களும் அதே துறையில் இருக்கிறார்கள். அந்தத் துறைக்கு மென்பொருள் தெரிந்த ஆய்வாளர்களைப் போடுங்கள். கூலிக் கணக்கை அவர்கள் திறந்து பார்க்கட்டும். பார்த்ததைச் சங்கத்துக்குச் சொல்லட்டும். ஐடியை நிறுத்தினால், சரியான காரணம் இருந்தது என்று கம்பெனி நிரூபிக்கட்டும். நிரபராதி என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டாம். இன்று முன்வைக்கப்படும் தீர்மானத்தில் இவை இருக்கின்றன. கை தூக்கி நிறைவேற்றித் தாருங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அது ஏன் என்று முதலில் சொல்கிறேன். அந்த சப்-போஸ்ட்மாஸ்டர்கள் எப்படி வென்றார்கள்? வேல்ஸில் கவுண்டர் நடத்தி, 2003-ல் ஒப்பந்தத்தை இழந்தவர் ஆலன் பேட்ஸ். அவர் விடாமல் தேடித் தேடி ஆட்களைச் சேர்த்தார். 2009-ல் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்தின் பொதுக்கூடத்தில் அவர்கள் கூடினார்கள். உனக்கு மட்டும்தான் என்று தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்த பொய் அந்தக் கூடத்தில் உடைந்தது. 555 பேராக நீதிமன்றம் போனார்கள். 2019-ல் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2024-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது.

வாசலில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஐடி பிளாக் ஆனவர்கள், காரணம் தெரியாமல் தொகை பிடிக்கப்பட்டவர்கள் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு தொகை, கஸ்டமர் கேரில் என்ன பதில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் இருந்தால் கொடுங்கள். எழுத வராதவர்களுக்கு எழுதித் தரப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே வண்டியோடு நிற்கிற தோழர்களையும் உள்ளே கூப்பிடுங்கள்.