கான்ட்ராக்ட் முடிஞ்சது, நான் கையெழுத்து போடல

"கான்ட்ராக்ட் முடியப் போகுது, நீட்டிக்கச் சொல்றாங்க, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" ஃப்ரீலான்ஸ் பண்றவங்க நிறைய பேர் இதைக் கேட்டிருந்தீங்க. என் கதையையே சொல்லிடறேன்.

நான் கொரியன் மொழிபெயர்ப்பாளர். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ரெண்டு வருஷம் இருந்தேன். பேர் வேண்டாம். 1998ல் ஹூண்டாய் அங்கே சான்ட்ரோ தயாரிக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே கொரிய வெண்டார் கம்பெனிகளும் அந்தப் பக்கம் வந்தன. எங்களுக்கும் வேலை கிடைத்தது. பூந்தமல்லியில் பஸ் பிடித்து, ஷிஃப்ட் மீட்டிங் ஆரம்பிக்கும்போது லைன்ல நிக்கணும். டோபிக் பரீட்சைக்குப் படிச்ச கொரியன் அங்கே பாதிதான் உதவும். பார்ட்டில் கீறல் விழுந்தால் அவங்க சொல்வது 'கிசு'. அது ஜப்பானிய மொழியிலிருந்து வந்த வார்த்தை.

எங்க தொழிலில் ஒரு விதி உண்டு. அவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்லணும். "அவர் சொல்றாரு" என்று சேர்க்கக் கூடாது. ஒரு நாள் மதியம் எச்.ஆர். ரூமில் கான்ட்ராக்ட் பசங்க 11 பேர். மேனேஜர் பேசினார், என் வாயிலிருந்து வந்தது: "உங்க கான்ட்ராக்டை நான் புதுப்பிக்கப் போறதில்ல." வாலாஜாபாத் பையன் ஒருத்தன் மேனேஜரைப் பார்க்கவே இல்ல. என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான். விதிப்படி அதையும் மொழிபெயர்த்தேன். ஆண் பிள்ளை அக்காவைக் கூப்பிடும் கொரிய வார்த்தை 'நூனா'. அதைச் சொன்னதும் மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் வரல.

அன்னைக்கே வேலையை விட்டேன்னு நினைக்காதீங்க. இ.எம்.ஐ. இருந்தது. இன்னும் நாலு மாசம் போனேன். பிறகு என் கான்ட்ராக்டே முடியும் நேரம் வந்தது. ரேட்டை ஏத்தித் தருகிறோம் என்றார்கள்.

பேப்பரை எடுத்துப் படித்தேன். 30 நாளுக்கு முன்னால் எழுத்தில் சொல்லாவிட்டால் தானாகவே ஒரு வருஷம் நீளும் என்று ஒரு வரி. கையெழுத்து போடும்போது அதைக் கவனிக்கவே இல்ல. உங்களதையும் இன்னைக்கே பாருங்க. 40 நாள் இருக்கும்போதே மூணு வரி மெயில் போட்டேன், காரணம் எழுதாமல். காரணம் சொன்னால் அதைச் சரி பண்ணித் தருகிறோம்னு உட்கார வைப்பாங்க.

பயமுறுத்தியது இன்னொரு வரி: ஒரு வருஷத்துக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேறு கொரிய கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது. வக்கீல் தோழி சிரித்துவிட்டு ஜாகீர் கானைக் கேள் என்றாள். ஆமா, பவுலர்தான். ஒரு ஏஜென்சியோடு அவருடைய 3 வருட ஒப்பந்தம் 2003ல் முடிந்தது. முடிந்த பிறகும், புது ஆஃபர் வந்தால் முதலில் பழைய ஏஜென்சிக்குக் காட்டணும், அவர்கள் அதே தொகை தர முன்வந்தால் வேறிடம் போக முடியாது என்று ஒரு நிபந்தனை. 2006ல் உச்ச நீதிமன்றம், 1872ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ம் பிரிவுப்படி, காலம் முடிந்தபின் இப்படிக் கட்டிப்போடுவது செல்லாது என்றது. ஒப்பந்தம் நடக்கும்போது போடும் தடை வேறு விஷயம். கம்பெனி ரகசியத்தைக் காப்பதும் வேறு, டிராயிங்கை எடுத்துட்டுப் போயிடாதீங்க.

ரெண்டு இன்வாய்ஸ் பாக்கி இருந்தது. முன்னாடியே உத்யம் பதிவு செய்து வெச்சிருந்தேன். 2006ம் வருட சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. இன்வாய்ஸ் அடியில் அதை அடக்கமா ஒரு வரி எழுதினேன். 43ம் நாள் பணம் வந்தது.

கடைசி நாள் மேனேஜர் கேட் வரை வந்து "சுகோஹெஸ்ஸயோ" என்றார். நானும் குனிந்து வணக்கம் சொன்னேன். செக்யூரிட்டி அண்ணன் கேட்டார், "அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"ரொம்ப சிரமப்பட்டீங்கன்னு அர்த்தம்ணே."

"அது சரி," என்று சொல்லி கேட் பாஸை வாங்கி வெச்சுக்கிட்டார்.